ஜெலட்டின்

லீட்ஸில் என் மகன் எழுத்துக்கூட்டிப் படித்த
முதல் நீளமான சொல் அதுதான்.
மிட்டாய் உறையின் பின்பக்கம்
கடுகிலும் பொடியான எழுத்தில்.
பிறந்தநாள் விருந்துகளிலிருந்து
கை நிறைய நிறங்களோடு வருவான்,
ஒன்றையும் தின்றிருக்கமாட்டான்.
மேசையில் கொட்டி
இரண்டுபேரும் குனிந்து பிரிப்போம்,
அரிசியில் கல் பொறுக்குவதுபோல்:
இது ஆகும், இது ஆகாது,
இது அத்தா வந்ததும் கேட்கலாம்.

கேட்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.
'கூச்சப்படாதே உனைஸ், சத்தமாக் கேளு.
கேட்டா யாரும் கடிச்சுத் தின்னமாட்டாங்க.'
கேட்டான்,
பள்ளிக்கூடச் சமையல்காரம்மாவிடம்,
நீச்சல்குளத்துக் காவலரிடம்.
டிசம்பர் நாடகத்தில் இடையனாக நின்றபோது
தொட்டிலைக் காட்டி,
'டீச்சர், இவர் எங்களுக்கும் நபிதானே' என்று.
டீச்சர் என்னை வரச்சொன்னாள்.
பயந்துகொண்டே போனேன்.
அருமையான கேள்வி, என்றாள்.
திரும்பும் பஸ்ஸில் அழுதேன்,
எதற்கென்று இன்னும் தெரியாது.

அங்கே எல்லாம் நல்லபடி என்று சொல்லவரவில்லை.
ஒரு மழைநாளில், சந்தைத் திருப்பத்தில்
என் முக்காட்டை இழுத்த கை ஒன்று உண்டு.
அவன் பார்த்தான்.
அதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

நான் வளர்ந்தது கோட்டைமேட்டில்.
தொண்ணூற்றெட்டில் எட்டாம் வகுப்பு.
'ஏரியா எதுன்னு கேட்டா
டவுன்ஹால்னு சொல்லிரு' என்றார் அத்தா.
பொய்யில்லை, இரண்டு தெரு தள்ளித்தான்.
இருபது வருடம்
இரண்டு தெரு தள்ளியே இருந்தேன்.

இந்த ஆகஸ்டில், வெள்ளிக்கிழமை,
திருப்பூர் நாத்தனார் வீட்டுக்குப் போகும் வழியில்
பல்லடம் தாண்டி ஒரு பேக்கரி.
ரோட்டில் ஜல்லி லாரிகள்.
பெஞ்சில் கல்குவாரி ஆட்கள் நாலுபேர்,
புருவமெல்லாம் பாறைத்தூள்.
கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பாக நடுங்கியது
ஜெல்லி கேக்.
ஜும்மா தொப்பியைக் கழற்ற மறந்திருந்த பிள்ளை
நான் சொல்லிக்கொடுத்தபடியே
கூச்சமில்லாமல், சத்தமாக,
'அங்கிள், ஜெலட்டின் இருக்கா?'

ஆற்றிய டீ அந்தரத்தில் நின்றது.
பாறைக்குழியில் திணிக்கிற குச்சிக்கும்
இந்தப் பக்கம் அதே பேர்.
'பறிமுதல்' என்ற சொல்லோடு
பேப்பரில் வருகிற பேர்.

ஒருவர் பேப்பரைத் தாழ்த்தினார்.
தொப்பியைப் பார்த்தார். முக்காட்டைப் பார்த்தார்.
வண்டி நம்பரைப் பார்த்தார்.
அல்லது, பார்த்ததாக நான் பார்த்தேன்.

சிரித்தேன்.
தேவைக்கு மேலே, பல்லெல்லாம் தெரிய.
'வெளிநாட்டுல வளர்ற பையனுங்கண்ணா,
கேக்குல போடறதக் கேக்கறானுங்கண்ணா,
மாட்டுக்கொழுப்பு மாதிரிங்கண்ணா, இல்லீங்கண்ணா,
எலும்புலருந்து எடுக்கறதுங்கண்ணா.'
ஒரு மூச்சில் எத்தனை 'ங்க' போட்டேனோ.

'அது எங்ககிட்டல்ல இருக்கு கண்ணு,'
குவாரி ஆள் ஒருவர் சொன்னதும்
பெஞ்சே குலுங்கியது.
கடைக்காரர் சிரிக்கவில்லை.
கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்
ஒரு பொட்டலத்தோடு வந்தார்.
என்னிடமல்ல, அவனிடம் காட்டினார்.
'கடல்பாசிங் கண்ணு. வேறொண்ணும் இல்லீங்.'
'நோன்புக்கு நீ காய்ச்சுவியே, அதாம்மா?'

பேப்பர்க்காரர் காசு கொடுத்துவிட்டு
பைக்கை எடுத்தார்.
திருப்பூர் வரைக்கும்
கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன்.
யாரும் வரவில்லை.

'ம்மா, நீ ஏன் அப்படிச் சிரிச்சே?'
வாயோரம் சிவப்பு.

பன்றிக்கு, கிறிஸ்துமஸ் மரத்துக்கு,
முக்காட்டை இழுத்த கைக்கு
வகைக்கொன்றாகப் பதில் வைத்திருக்கிறேன்.
சொந்த ஊருக்குத்தானே என்று
எதையும் கட்டி எடுத்துவரவில்லை.

'தொப்பியைக் கழட்டிரு, வேர்க்குது பாரு'
நாக்கு நுனிவரை வந்தது.
அத்தாவின் குரலில் வந்தது.

ஜன்னலை இறக்கிவிட்டேன்.
'எனக்கும் ஒரு வாய் குடு' என்றேன்.